கணபதியப்புவின் விறகில் குடியிருந்தவை

உயிருள்ள பூச்சி எதுவும், அது எவ்வளவு நல்ல குணமுள்ள பூச்சியாக இருந்தாலும், இறக்குமதி அனுமதியும் புறப்படும் நாட்டின் சான்றும் இல்லாமல் இன்னொரு நாட்டுக்குள் நுழையக் கூடாது. தூத்துக்குடித் துறைமுகத்திலும் திருச்சி விமான நிலையத்திலும் பயிர் நோய்த் தடுப்பு அலுவலராக இருந்த காலமெல்லாம் இந்த விதியை வைத்துத்தான் நான் வீடு கட்டினேன், மகனைப் படிக்க வைத்தேன். சம்பளத்தில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் இலங்கையின் வன்னியிலிருந்து என் சித்தி மகள் பாக்கியம் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, இங்க வரும்போது அந்தக் கம்பளி போட்ட குண்டுத் தேனீ ஒரு பெட்டி கொண்டாங்க."

கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறாள். ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரம், உள்ளே தக்காளிச் செடிகள், நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியைத் திறந்தால் பம்பிள் தேனீக்கள் வந்து பூக்களைக் கவனித்துக்கொள்கின்றன. அது குளிர் நாட்டுப் பூச்சி. இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு, நீலகிரியில்கூடக் கிடையாது. அதைக் கிளிநொச்சி வெயிலுக்குக் கொண்டுவருவது, ஸ்வெட்டர் போட்ட ஒருவரைச் சித்திரை மாதத்தில் வயல் அறுக்கச் சொல்வது போல. இதைச் சொன்னேன்.

"அப்ப என் கொடித்தோடைக்கு யாருக்கா வருவா?" என்றாள்.

நாம் பாஷன் பழம் என்பதை அங்கே கொடித்தோடை என்பார்கள். பாக்கியத்திடம் ஒரு தோட்டம் நிறைய அந்தக் கொடிதான். இரண்டு பருவமாகப் பூக்கிறது, காய்ப்பதில்லை. பிற்பகலெல்லாம் பூப்பூவாக விரலால் மகரந்தத்தைத் தொட்டுத் தடவித் தோள்பட்டை போய்விட்டது. வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் இருக்கும் மகன், "இந்தப் பூவும் காய்க்கவில்லை என்றால் கொடியை வெட்டிவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும்" என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். "நல்ல பிள்ளைதான். ஆனா அங்க போனா டிவி முன்னால உக்கார வச்சிருவான்க்கா. நான் செத்துப் போவேன்."

எனவே விண்ணப்பம் ஒன்றை நானே தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவளை எழுத வைத்து, கொழும்பில் உரிய திணைக்களத்துக்கு அனுப்பச் சொன்னேன். மறுப்பார்கள் என்று தெரியும். தெரிந்தாலும் விண்ணப்பிக்க வேண்டும். மறுப்பும் ஓர் ஆவணம்தான். பதில் வராத நிலையில், ஆனி மாதக் கடைசியில், பூச்சி எதுவும் இல்லாமல், அரைக் கிலோ மைசூர்பாகோடு நானே புறப்பட்டேன்.

நாங்கள் இருவரும் இலங்கை மலையகத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சித்தி குடும்பம் மலையிறங்கி வன்னிக்கு வந்தது. எங்களிடம் யாரும் விருப்பம் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் மூன்று பிரதிகளில் எழுதிக் கொடுத்திருப்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் ஒரு பையை நீட்டினார். "பாலைப்பழம். சாப்பிட்டுப் பாருங்கோ. உங்கட நாட்டில இது இருக்கோ தெரியேல்லை." மஞ்சளாக, விரல் நுனி அளவில், வாயில் வைத்ததும் தேன். தின்னத் தின்ன உதட்டில் பால் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் சொன்னார். ஆனையிறவு உப்பளங்கள் வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்துகொண்டு போயின. நான் உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த மும்முரத்தில் நான் இறங்க வேண்டிய பரந்தனும் போய்விட்டது.

நடத்துநரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவரும் மறந்திருந்தார். திருச்சியாக இருந்தால், கவனமில்லாமல் பேருந்தில் ஏறக்கூடாது என்று எனக்கு ஒரு சொற்பொழிவு கிடைத்திருக்கும். இவர் தலையில் அடித்துக்கொண்டு, "குறை நினைக்காதையுங்கோ அம்மா, என்ரை பிழை" என்று வண்டியை நிறுத்தினார். எதிரே வந்த பேருந்தை நடுவீதியில் நின்று கைகாட்டி மறித்தார். என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினார். "இந்த அம்மாவைப் பரந்தனில இறக்கி விடு. காசு கேட்டியெண்டால் தெரியும்!" இரண்டு பேருந்துகளும் பின்னால் வந்த லாரிகளும் எனக்காகக் காத்திருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பணி ஓய்வு விழாவில்கூட எனக்கு இந்த மரியாதை நடக்கவில்லை.

பரந்தன் சந்தியில் பாக்கியம் நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு மலைத் தமிழில் அழுதாள். உடனே திரும்பி ஆட்டோக்காரரிடம், "பெட்டியைப் பாத்து வையுங்கோ, அண்ணை" என்று வன்னித் தமிழில் அதட்டினாள். இரண்டையும் கலப்பதே இல்லை. முல்லைத்தீவு போகும் வீதியில் கொஞ்ச தூரம், பிறகு வாய்க்கால் கரை, பிறகு வீடு. இடியப்பம், சொதி, குளத்து விரால் குழம்பு. மூன்றாவது முறை பரிமாறியபோது தடுத்துப் பார்த்தேன். விதிமுறை எதுவும் எடுபடவில்லை.

மறுநாள் தோட்டத்தைப் பார்த்தேன். வாசலில் 'மாதிரித் தோட்டம்' என்று பலகை. ஏதோ ஒரு திட்டத்தில் கொடி படரச் சிமெண்டுத் தூண்கள் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பழைய மரத் தடிகளை அகற்ற வேண்டும், வேலியோரப் பற்றைகளை, அதாவது புதர்களை, வெட்ட வேண்டும், இரண்டுக்கும் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. எல்லாம் ஒழுங்காக நிறைவேற்றப்பட்டிருந்தது. ஆட்சியர் அலுவலக வளாகம் போல அத்தனை சுத்தம்.

உச்சி வெயில் சாய்ந்ததும் பூக்கள் விரியத் தொடங்கின. ஊதா நூல்களை வட்டமாக அடுக்கி வைத்தது போன்ற பூ. மகரந்தப் பைகள் மேலே குடை மாதிரி கவிழ்ந்து நிற்கும், கீழே தேன். சிறு தேனீ அடியில் நுழைந்து குடித்துவிட்டுப் போய்விடும், முதுகு மேலே முட்டாது. முதுகு முட்டும் அளவுக்குப் பெரிய உருப்படி ஒன்று வர வேண்டும். அதுவும் வேறொரு கொடியின் மகரந்தத்தோடு வர வேண்டும், ஏனென்றால் இந்த மஞ்சள் பழக் கொடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பாக்கியம் கொடிக்குக் கொடி போய்த் தடவிக்கொண்டிருந்தாள். கை உயரும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள்.

"முன்னால எப்படிக் காய்ச்சது?"

"முன்னாலயா? மத்தியானமானா ஒரே இரைச்சல்க்கா. கருவண்டு. இவ்வளவு பெருசு. அந்தச் சனியன் தடியெல்லாம் ஓட்டை போட்டு வச்சிருந்துச்சு."

அந்தக் கருவண்டு உண்மையில் ஒரு தேனீ. மரத்தைத் துளைத்து உள்ளே அறை அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு முட்டையும் ஓர் உருண்டை மகரந்தமும் வைத்து அடைக்கும் தச்சுத்தேனீ. வெப்ப நாட்டில் பம்பிள் தேனீயின் வேலையைப் பார்ப்பது அதுதான். இவள் கடல் கடந்து கேட்ட ஆளை வீட்டோடு வெளியேற்றி, புகைப்படமும் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"அந்தத் தடியெல்லாம் எங்கே?"

"அது... சங்கத்துக்குக் குடுத்தாச்சு. வாங்க, தேத்தண்ணி குடிப்போம்."

பால் சங்கமாக இருக்கும், அடுப்பெரிக்கக் கொடுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் முல்லைத்தீவுக் கடலைப் பார்க்கப் புறப்பட்டோம். பார்க்கவில்லை. ஊர் எல்லையிலேயே ஆட்டோவின் சக்கரம் காற்றை விட்டது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதிலும் காற்று இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மட்டும் புழுதியை வாரி வாரி முகத்தில் இறைத்தது. வீதியோரம் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை தெரிந்தது. உள்ளே அடுக்கியிருந்த விறகின் மேல் போய் உட்கார்ந்தேன்.

எனக்குக் கீழே யாரோ முனகினார்கள்.

எழுந்து குனிந்து பார்த்தேன். தடிகளில் வட்ட வட்டமாகத் துளைகள். கம்பஸ் வைத்துப் போட்டாலும் அத்தனை சுத்தமாக வராது. கீழே புது மரத்தூள். ஒரு துளையிலிருந்து கருநீலச் சிறகு மினுங்க ஓர் அம்மையார் வெளியே வந்து, என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் மஞ்சளாகப் பூத்திருந்த, நாம் ஆவாரை என்னும் ஆவரசுப் பற்றைக்குப் போனாள். அங்கே பத்துப் பதினைந்து வண்டுகள் ஏற்கெனவே வேலையில் இருந்தன. ஆவரசம்பூ மகரந்தத்தை லேசில் கொடுக்காது. வண்டு அதைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைத்து ஒரு ராகம் போடும். அந்த அதிர்வில் பூவின் நுனித் துளை வழியாக, உப்புக் குப்பியை உதறியது போல, மகரந்தம் கொட்டும். முப்பது வருடம் பூச்சிகளைக் குப்பியில் செத்த நிலையிலேயே பார்த்தவள் நான். வாயைத் திறந்துகொண்டு நின்றேன். புழுதி உள்ளே போனது.

"ஐயோ அக்கா! அதுல குந்தாதீங்க!" பாக்கியம் ஓடி வந்தாள். "அது ஆள் எரிக்கிற விறகு!"

அப்போதுதான் மேலே இருந்த பலகையைப் படித்தேன். மரணாதார சங்கம். ஊரில் ஒரு சாவு என்றால் பந்தலும் கதிரையும் விறகும் கொடுக்கும் சங்கம். விருந்தாளியிடம் வந்ததும் வராததுமாக அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று முந்தின நாள் மறைத்திருக்கிறாள். பழைய தடி உள்ள எல்லோரும் அங்கேதான் கொடுப்பார்களாம். இவளுடைய தடிகளை ஒரு விடியற்காலை உழவு இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறார்கள், வண்டுகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோதே. வந்த இடத்தில் வாசலிலேயே ஆவரசும் எருக்கலையும் இருந்தால், பற்றை எல்லாம் வெட்டிய மாதிரித் தோட்டத்துக்கு யார் திரும்பிப் போவார்கள்?

அன்று மாலையே சங்கச் செயலாளர் சிவபாதத்தின் வீட்டுக்குப் போனோம். நெல் விவசாயி, பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். விறைப்பான மனிதர், பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"திருப்பித் தர ஏலாது, அக்கா. அது ஒதுக்கின விறகு."

"யாருக்கு?"

"கணபதியப்புவுக்கு."

"அடடா. அவர் எப்போ இறந்தார்?"

"இன்னும் இல்லை."

பாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள். செயலாளர் விளக்கினார். இரண்டு மாதம் முன்பு அப்பு சாப்பாட்டை விட்டுவிட்டார். டாக்குத்தரும் கையை விரித்துவிட்டார். அந்த வாரம் வேறொரு வீட்டில் சாவு விழுந்ததால் கூட்டம் கூடியது. கூடியபோதே அடுத்த விறகு அப்புவுக்கு என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த நாள் அப்பு எழும்பியிருந்து புட்டுக் கேட்டார்.

"சரி, தீர்மானத்தை மாத்தலாமே?"

"அதுக்குக் கூட்டம் கூடவேணும். செத்தவீட்டில மட்டும்தான் எங்கட ஆக்கள் கூடுவினம். சும்மா கூப்பிட்டால் ஒருத்தரும் வராயினம்."

யாப்பைக் காட்டச் சொன்னேன். எங்கள் ஊரில் யாப்பு என்றால் வெண்பாவுக்கு இருப்பது. இங்கே சங்கத்தின் சட்டதிட்டத்துக்குப் பெயர் அது. தேடியதில் கிடைத்தது: 'உளுத்த, ஈரமான, முள்ளுள்ள விறகு ஏற்கப்பட மாட்டாது.'

"துளை விழுந்த தடி. ஏத்துக்கிட்டதே செல்லாது" என்றேன்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிராளிக்கு மரியாதை செய்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன். "உளுத்தது வேறை, வண்டு துளைச்சது வேறை. இதை எழுதின ஆளைத்தான் கேக்கவேணும்."

"யார் எழுதினது?"

"கணபதியப்புதான். அவர்தானே தலைவர்."

ஆக, உயிரோடிருக்கும் ஒரு மனிதரிடம் போய், உங்களை எரிக்க வைத்த விறகைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். இதற்கான மாதிரிப் படிவம் எந்த நாட்டு அலுவலகத்திலும் இல்லை.

அடுத்த நாள் காலையில் மூவரும் போனோம். கணபதியப்பு முற்றத்தில் வேப்பமர நிழலில் சாய்ந்திருந்தார். எலும்பும் கண்ணும்தான். கண் இரண்டுபேருக்குப் போதும். மகள் பனங்கட்டியோடு பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன். செயலாளர் நெல் விலையைப் பற்றிப் பேசினார். பாக்கியம் பனங்கட்டியைக் கடித்தாள்.

"சிவபாதம்," என்றார் அப்பு, "என்ன, என்ரை விறகைப் பற்றிக் கதைக்க வந்தனீரோ?"

செயலாளருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. நான் சொன்னேன். கொடி, பூ, வண்டு, தோள்பட்டை, நெளுக்குளம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பு ஓர் இடத்தில்தான் நிறுத்தினார்.

"பொறு பிள்ளை. ஓட்டைத் தடியோ எனக்கு வைச்சிருந்தவை?"

"அப்பு, அது நல்ல பாலைத் தடிதான்..." செயலாளர் தொடங்கினார்.

"வாயை மூடும்! உளுத்தது கூடாதெண்டு ஏன் எழுதினனான்? பாதியிலை எரிஞ்சு விழுந்து ஆளை உருட்டி விடும் எண்டுதானே? என்ரை சங்கத்திலை என்னையே உருட்ட நிண்டிருக்கிறியள்!" மகளைப் பார்த்து, "எடு என்ரை சால்வையை!" என்றார்.

"எங்கை ஐயா போறியள்?" மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ரை விறகைப் பாக்கப் போறன்."

காற்றடித்த சக்கரத்தோடு அதே ஆட்டோ வந்தது. கொட்டகை முன்னால் சங்கத்துக் கதிரை ஒன்றையே எடுத்துப் போட்டு அவரை இருத்தினோம். ஒரு தடியைக் கைத்தடியால் தட்டினார். உள்ளே முனகல். இன்னொன்றைத் தட்டினார். முனகல். பிறகு மெல்லக் குனிந்து காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை. நிமிர்ந்தபோது பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

"என்னை எரிக்க வைச்ச தடியிலை குடித்தனம் நடக்குது, பாரன். பிள்ளைகுட்டியளோ?"

"ஆமா ஐயா. உள்ள அறை அறையா குஞ்சு இருக்கும்."

"அதுகளையும் என்னோடை கொண்டுபோற பாவம் எனக்கு வேண்டாம். பாக்கியம், உன்ரை வளவிலை போன காத்துக்கு விழுந்த மா கிடக்குதெல்லே?"

"ஓம் அப்பு, அப்படியே கிடக்குது."

"அதைத் தறிச்சு வை. எனக்கு மாங்கட்டைதான். சிவபாதம், எழுதும்: உளுத்த தடி நீக்கம், மாங்கட்டை சேர்ப்பு, தலைவர் சம்மதம். கூட்டம் பிறகு கூடட்டும். நான் செத்தால் கூடத்தானே வேணும்!" என் பக்கம் திரும்பினார். "பழம் வந்தால் எனக்கு ஒரு கிளாஸ் கரைச்சுத் தரவேணும். சீனி கூட."

தடிகளை மாற்றுவதற்கு மட்டும் நான் ஒரு நிபந்தனை போட்டேன். இருட்டுவதற்குள் வண்டுகள் எல்லாம் வீடு திரும்பும், அதன்பிறகே துளைகளை அடைத்துத் தூக்க வேண்டும். பொழுது சாயும்வரை செயலாளரும் நானும் கொட்டகையில் நின்று, வருகைப் பதிவு எடுப்பவர்கள் போல ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்தோம். அடைப்பதற்கு எதுவும் கொண்டுவரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பாக்கியம் தன் கைப்பையைத் துழாவினாள். திணைக்களத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் அடித்துத் திருத்திய பிரதிகள் இருந்தன. கிழித்து, சுருட்டி, துளைக்கு ஒன்றாகச் செருகினோம். 'மேன்மைதகு ஐயா' ஒரு துளைக்கு மட்டும் பெரிதாக இருந்தது.

சிமெண்டுத் தூண்களை யாரும் பிடுங்கவில்லை. அவற்றின் பக்கத்திலேயே பழைய தடிகளைக் கம்பியால் கட்டினோம். மாதிரித் தோட்டத்தின் அழகு கெட்டதுதான். வேலியோரத்தில் வெட்டிய ஆவரசு, வேரைப் பிடுங்காமல் விட்டிருந்ததால், ஏற்கெனவே தளிர்க்கத் தொடங்கியிருந்தது. இனி அதன்மேல் கத்தி வைக்கமாட்டேன் என்று பாக்கியம் வாயால் சொன்னாள். நான் எழுதி வாங்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு பெரிய தளர்வு.

விடிந்ததும் காகிதங்களைப் பிடுங்கினோம். முதல் வண்டு வெளியே வந்து, ஊர் மாறிவிட்டதைப் பார்த்து, தடியைப் பலமுறை வட்டமிட்டு விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனது. சில திரும்பவே இல்லை. அன்று பூ விரிந்த நேரத்தில் எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. பாக்கியம் மூன்றாம் நாளும் வலிக்கும் கையைத் தூக்கித் தடவத் தொடங்கினாள். நான் சொதியைக்கூட மறுத்தேன்.

நான்காம் நாள் குசினியில் இருந்தோம். பாக்கியம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அக்கா. கேக்குதா?"

ஓடினோம். கொடிக்குள் கார் எஞ்சின் மாதிரி இரைச்சல். கரிய குண்டு உடம்பொன்று பூவில் இறங்கி, அரைவட்டம் சுற்றிக் குடித்து, கிளம்பியபோது முதுகெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. அப்படியே அடுத்த கொடிக்குப் போனது. பின்னால் இன்னொன்று. பாக்கியம் தேங்காய்ப்பூ அப்பிய இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். தோள் வலிப்பது மறந்துவிட்டது போலிருந்தது. பிறகு மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்போதும் இறக்கவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு செய்திகள் கைப்பேசியில் வந்தன. முதலில் பச்சைக் குண்டுமணி போன்ற பிஞ்சுகள். பிறகு கொடி தாங்காமல் தொங்கிய காய்கள். நெளுக்குளத்து மகன் வந்து பார்த்துவிட்டு, சத்தியத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு சாக்கு நிறையப் பழம் கட்டிக்கொண்டு போனான். கடைசியாக ஒரு காணொளி: கணபதியப்பு கிளாஸை இரு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்கிறார். மாங்கட்டைகள் கொட்டகையில் காய்ந்துகொண்டிருப்பதாகவும், அவற்றை மாதத்துக்கொரு முறை அவர் நேரில் சென்று பரிசோதிப்பதாகவும் செயலாளர் தெரிவித்தார். ஒரு துளைகூடக் கிடையாதாம்.

அதற்குப் பிறகுதான் திணைக்களத்தின் பதில் வந்தது. பாக்கியம் படமெடுத்து அனுப்பினாள். தங்கள் பகுதியில் மகரந்தச் சேர்க்கைக்குப் போதிய உள்ளூர் வண்டினங்கள் காணப்படுவதால், வெளிநாட்டுத் தேனீக்களை இறக்குமதி செய்யவேண்டிய தேவை எழவில்லை.

எழுதியவர் அந்தத் தோட்டத்தை வந்து பார்த்ததில்லை. நாங்கள் விண்ணப்பித்தபோது அந்த வாக்கியம் பொய். என் பணிக்காலத்தில் எத்தனையோ மறுப்புகளை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூடத் தபாலில் இருந்த நேரத்தில் உண்மையாக மாறியதில்லை.

"இதை என்ன செய்யட்டும்க்கா?" என்று கேட்டாள் பாக்கியம். பத்திரமாக வைக்கச் சொன்னேன். அடுத்த முறை தடி மாற்றும்போது துளை அடைக்க நல்ல தடித்த காகிதம். மேல் மூலையில், வந்த நாளை மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதியிருக்கிறாள்: அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.